‘எந்தப் பக்கம் போவதென்றே புரியவில்லை, டாக்டர்!’

கேள்வி: எனக்கு வயது 24. பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா குரூப் 2 எழுதச் சொல்கிறார். ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும் நண்பன் அங்கே கூப்பிடுகிறான். ஐ.டி.க்கு மாறலாமா, பேங்க் எக்ஸாம் எழுதலாமா என்றும் ஓடுகிறது. இதற்கிடையே அம்மா ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார். ராத்திரி 2 மணி வரை போனில் இதையேதான் தேடுகிறேன். நெஞ்சு படபடக்கிறது; இ.சி.ஜி. நார்மல். இது மனநோயா? மாத்திரை வேண்டுமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்த மட்டில் இதை மனநோய் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். சாயங்காலக் காபியை நிறுத்துங்கள். அதிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி, 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

அடுத்து, அந்த 2 மணி. தூக்கம் கெட்டால் சின்ன விஷயமும் பூதாகரமாகத் தெரியும். மூனிக் பனியில் யாரோ எடுத்த ரீல்ஸைப் பத்து தடவை பார்த்திருப்பீர்கள். அங்கே வாடகை எவ்வளவு, பகுதி நேர வேலை கிடைக்கிறதா என்று நண்பனிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா? தேடலை ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு மாற்றுங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும்.

என்னிடம் வரும் இந்த வயதுப் பிள்ளைகள் பலரும் ‘எது பெஸ்ட்?’ என்றே கேட்கிறார்கள். யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. பிற்பாடு பொருளாதார நோபல் வாங்கிய ஹெர்பர்ட் சைமன் 1956-லேயே எழுதினார்: உயிரினங்கள் ஆகச் சிறந்ததைத் தேடி அலைவதில்லை, போதுமானது கிடைத்தால் எடுத்துக்கொள்கின்றன. நீங்களும் முதலில் நிபந்தனைகளை எழுதுங்கள். குறைந்தது எவ்வளவு சம்பளம் வேண்டும், வீடு எவ்வளவு கடன் தாங்கும், அப்பா அம்மாவை விட்டு எத்தனை வருடம் இருக்க முடியும்? இதற்குப் பொருந்தி வரும் முதல் வழியைப் பிடித்து ஆறு மாதம் முழு மூச்சாக முயலுங்கள். மற்றவை அதற்குள் ஓடிவிடாது. வங்கி அதிகாரி தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கே 30 வயது வரை இடமுண்டு, எம்.டெக். ஆசை வந்தால், அதற்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வு மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். இருக்கிற வேலையை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள்.

கல்யாணத்தை இந்தப் பட்டியலில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அம்மாவிடம், ‘தை பிறக்கட்டும், அப்புறம் பேசலாம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். வெறுமனே ‘வேண்டாம்’ என்றால் தினமும் பேச்சு வரும். நாள் குறித்துச் சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இப்போதைக்கு மாத்திரை தேவைப்படாது என்றே நினைக்கிறேன். மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்கவே கூடாது. எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல், வேலைக்குப் போக முடியாமல் இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.