சட்டையிலிருந்து சாட்டினா?

கேள்வி: பேத்தியின் புதுநன்மைக்கு (முதன்முறை நற்கருணை வாங்கும் சடங்குக்கு) கவுன் தைக்க வெள்ளை சாட்டின் துணி எடுத்தோம், மீட்டர் 120 ரூபாய். ‘இதுவும் பட்டுதான்’ என்றார் கடைக்காரர். ‘சாட்டின்’ என்ற பெயரே நம் ‘சட்டை’தான், குமரிக்கரையிலிருந்து கப்பலேறிப் போனது என்று என் மைத்துனர் சாதிக்கிறார். சரிதானா ஆசிரியரே?
(வாசகர், குளச்சல்)

பதில்: மீட்டர் 120 ரூபாய்க்குப் பட்டு விற்கிற கடையா? முகவரியை எனக்கும் அனுப்புங்கள்.

சாட்டின் என்பது நூலின் பெயரல்ல, நெசவின் பெயர். வடசேரியில் தறி போட்ட பெரியவர் யாராவது இருந்தால் கேளுங்கள். சாதாரணத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஓர் ஊடை நூலுக்கு மேலே, அடுத்த ஊடைக்குக் கீழே என்று மாறிமாறிப் போகும். சாட்டினில் நான்கு அல்லது அதற்கும் அதிகமான ஊடைகளைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடிவிட்டு, ஒரே ஒரு முறை கீழே இறங்கும். தடையில்லாமல் நீளமாகக் கிடக்கும் அந்த நூல்தான் வெளிச்சத்தைத் திருப்பியடித்துப் பளபளக்கிறது. மோதிரத்தில் மாட்டிச் சட்டென்று இழை பிரிவதற்கும் அதுவே காரணம். பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். முன்காலத்தில் பட்டில்தான் நெய்தார்கள். கடைக்காரர் அந்தப் பழைய பெருமையைச் சொல்லி இன்றைய பாலியஸ்டரை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

இனி மைத்துனர் விஷயம். ‘சட்டை’க்கும் சாட்டினுக்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. சீனாவின் தென்கிழக்குக் கரையில் குவான்சௌ என்றொரு துறைமுகம் இருக்கிறது. அரபு வணிகர்கள் அதை ஜைத்தூன் என்றார்கள். அங்கிருந்து வந்த பட்டு ‘ஜைத்தூனி’. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் சாட்டின் ஆனது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இத்தாலியில் பட்டைக் குறிக்கும் ‘சேத்தா’விலிருந்து வந்தது என்போரும் உண்டு. இரண்டில் எதுவானாலும் சட்டைக்கு இடமில்லை. கோழிக்கோட்டின் பெயரால் காலிகோ என்ற பருத்தித் துணி வந்ததைப் போல ஊர்ப்பெயர் துணிக்கு ஒட்டிக்கொள்வது புதிதுமல்ல.

அரபியில் ஜைத்தூன் என்றால் ஒலிவம். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் அங்கே போன மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, பெயர்தான் இப்படி, ஊரில் ஒலிவமே கிடையாது என்று எழுதிவைத்தார். ஊரின் பழைய சீனப் பெயர் ‘சித்தோங்’. அரபுக் காதுக்கு அது ஜைத்தூனாகக் கேட்டிருக்கிறது. சித்தோங் என்பது ஒரு மரம். ஊரைச் சுற்றி நட்டிருந்தார்களாம். என்ன மரம் தெரியுமா? நாம் வேலியில் நடுகிற, மிளகுக்கொடி ஏற்றுகிற அதே முள்முருக்கு! சிவப்பாகப் பூக்குமே, அதுதான். மைத்துனரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் சமாதானமாவார்.

அப்புறம், தமிழுக்கு அந்த ஊரில் பங்கு வேண்டும் என்றால் சொல்லை இழுத்து வளைக்க வேண்டியதே இல்லை. குவான்சௌவில் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. சீனாவை மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் ஆண்ட காலம். தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள். கல்லில் வெட்டியது இருக்க, சட்டையைப் பிடித்துத் தொங்குவானேன்?

துணிக்கு வருவோம். ஓரத்தில் இரண்டு இழையை உருவித் தீயில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிச் சுருண்டு கட்டியாக இறுகினால் பாலியஸ்டர். உங்களுடையது இரண்டாவதாகத்தான் இருக்கும். பாதகமில்லை, கவுனுக்கு அழகாகவே அமையும். ஆனால் புதுநன்மை அன்று பிள்ளைகள் கையில் மெழுகுதிரி பிடிப்பார்கள். கைப்பகுதியைத் தொளதொளவென்று விட வேண்டாம் என்று தையற்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.