மோரிஸ் ஆட்டமும் பியர் கோப்பையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை மாற்றலில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு சிற்றூருக்கு வந்து ஓராண்டாகிறது. இந்தக் கோடையில் ஒரு மாலை எங்கள் ஊர்ப் பப் முன்னால் மோரிஸ் என்ற ஆங்கிலேய நாட்டுப்புற நடனத்தை ஆடுகிறவர்கள் வந்து ஆடினார்கள். வெள்ளைச் சட்டை, முழங்காலுக்குக் கீழே மணிகள், இரண்டு கையிலும் கைக்குட்டை. பிடித்துப்போய் பக்கத்து ஊர்களுக்கும் போய்ப் பார்த்தேன். ஆனால் நான்கு நிமிடம் ஆடினால் பத்து நிமிடம் பியர், அரட்டை. பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அடி தவறினால் அவர்களே சிரித்துக்கொள்கிறார்கள். என்னையும் வந்து சேரச் சொல்கிறார்கள். இது உண்மையில் ஒரு கலையா, குடிப்பதற்கு ஒரு சாக்கா? நான் குடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கே.

அன்புள்ள கே.,

குடிப்பதற்குச் சாக்கு என்பதை, கூடுவதற்குச் சாக்கு என்று மாற்றிக்கொண்டால் எனக்குச் சம்மதம். அதை நான் ஒரு குறையாகவும் நினைக்கவில்லை.

நீங்கள் பார்த்தது அவர்கள் ஆண்டின் பாதியைத்தான். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வாரத்தில் ஒரு இரவு, ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஹாலிலோ கிராம மண்டபத்திலோ பயிற்சி நடக்கும். அடவுகளைச் சொல்லிக்கொடுப்பவர் ஃபோர்மேன். அணியின் தலைவர் ஸ்குவயர். கடிதப் போக்குவரத்து, எந்தப் பப், எந்தத் தேதி, எந்த அணியை விருந்தாளியாக அழைப்பது என்பதெல்லாம் பேக்மேன் தலையில் விழும். நீங்கள் ரசித்த அந்த ஒரு மாலைக்காக அவர் குளிர்காலத்திலேயே பப்காரரிடம் பேசி வைத்திருப்பார். மே முதல் தேதி சூரியன் உதிக்கும்போது ஏதாவது ஒரு குன்றின் மேலோ ஊர்ச் சதுக்கத்திலோ ஆடிப் பருவத்தைத் தொடங்குகிறார்கள். செப்டம்பர் வரை போகும்.

நீங்கள் சபாவில் உட்கார்ந்து கச்சேரி கேட்கிற கண்ணோடு இதைப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே சபை என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு அணி ஆட, விருந்தாளி அணி சுவரோரம் நின்று பார்க்கும். பிறகு இவர்கள் நிற்க, அவர்கள் ஆடுவார்கள். ஆறு பேர் கொண்ட ஆட்டத்தில் துள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். முழங்காலைக் கேட்டால் அந்தப் பத்து நிமிட இடைவெளி ஏன் என்று சொல்லும். அந்த நேரத்தில்தான் காசு போடத் தொப்பி சுற்றி வரும், யாருக்கு இடுப்பு வலி, யார் வீட்டில் பேரன் பிறந்தான் என்பதெல்லாம் தெரியவரும். இருட்டியதும் உள்ளே போய் ஃபிடிலும் (வயலின்) மெலோடியன் என்ற துருத்திப் பெட்டியும் எடுத்தால் பாட்டு ஆரம்பிக்கும். ஒன்பது மணியோடு வீட்டுக்குப் போயிருந்தால் நீங்கள் பாதியைத் தவறவிட்டீர்கள்.

காசும் குடியும் இதில் புதிதாக ஒட்டிக்கொண்டவை அல்ல. மோரிஸ் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பே ஒரு கணக்கு வரிதான்: 1448இல் லண்டன் பொற்கொல்லர் சங்கம் ஆடியவர்களுக்கு 7 ஷில்லிங் கொடுத்தது. 1899 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய ஹெடிங்டனில் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் ஒரு ஆட்டத்தைப் பார்த்தார். கான்செர்ட்டினா என்ற சிறிய துருத்தி வாத்தியத்தை அங்கே வாசித்த வில்லியம் கிம்பர் கொத்தனார் வேலை செய்தவர். அவர்கள் ஆடவேண்டிய காலம் கோடைத் தொடக்கத்தில் வரும் பெந்தெகொஸ்தே வாரம். ஆனால் அந்தக் குளிரில் வேலை இல்லை, நாலு காசு கிடைக்கட்டும் என்று பனியில் இறங்கிவிட்டார்கள். பருவம் தப்பி ஆடுவதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்களாம்! ஷார்ப் மறுநாள் கிம்பரை வரவழைத்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். இன்று நீங்கள் பார்க்கும் மறுமலர்ச்சியின் பெரும்பகுதி அங்கிருந்து கிளம்பியது. ஆகவே இது ஆதிகாலத்துச் சூரிய வழிபாடு என்று பப்பில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்தக் கூடும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க விரும்பினால் இரண்டு ஊர் சொல்கிறேன். ஒன்று உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் பாம்ப்டன். மே கடைசித் திங்கட்கிழமை, பொது விடுமுறை நாள். ஒரே ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் காலையிலிருந்து வீட்டுத் தோட்டம் தோட்டமாகப் போய் ஆடும். கூடவே ஒருவர் வாளில் கேக் டப்பாவைச் செருகிக்கொண்டு வருவார். ஒரு துண்டு வாங்கித் தின்றால் அதிர்ஷ்டம். இன்னொன்று எசெக்ஸில் உள்ள தாக்ஸ்டெட். 1934இல் ஆறு அணிகள் சேர்ந்து மோரிஸ் ரிங் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அதில் தாக்ஸ்டெட்டும் ஒன்று. கோடைத் தொடக்கத்தில் ஒரு வார இறுதிக்குப் பல அணிகள் அங்கே வந்து இறங்கும். பகலில் சுற்றுவட்டாரப் பப்களில் ஆடிவிட்டு, மாலையில் எல்லாரும் ஊர்த் தெருவில் கூடுவார்கள். கடைசியில் ஒற்றை ஃபிடிலுக்கு மான்கொம்பு ஏந்தி மெதுவாக ஒரு ஆட்டம். அதுவரை கத்திக்கொண்டிருந்த கூட்டம் வாயே திறக்காது. இந்த மாதிரி வார இறுதிகளில் படுக்கை பல நேரம் ஒரு மண்டபத் தரைதான். குறட்டைக்குத் தயாராகப் போங்கள்.

குறை இல்லாத கூட்டம் என்று சொல்லமாட்டேன். மோரிஸ் ரிங் 2018 வரை ஆண்களுக்கானதாகவே இருந்தது. அதனால் பெண்கள் 1975இலேயே தங்களுக்கென்று தனிக் கூட்டமைப்பு வைத்துக்கொண்டார்கள். அப்புறம், வேல்ஸ் எல்லைப் பகுதி வகையில் முகம் முழுக்கக் கறுப்புப் பூசி ஆடும் வழக்கம் இருந்தது. 2020இல் இந்த இரண்டோடு இன்னொன்றுமாக மூன்று கூட்டமைப்புகளும் சேர்ந்து அதை விடச் சொல்லிவிட்டன. இன்று பச்சையும் நீலமும் பூசிக்கொள்கிறார்கள். இதைக் குறிப்பாக உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நிறத்தில் ஒருவர் போய்ச் சேரும்போது பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்துத் திகைக்கக்கூடும். திகைத்தால் நேராகக் கேட்டுவிடுங்கள். அதைப் பற்றித் தங்களுக்குள்ளேயே நிறையச் சண்டை போட்டுக்கொண்டவர்கள்தான், பதில் சொல்வார்கள்.

அறுபது வயதைப் பற்றி: ஆளில்லாமல் அணிகள் திண்டாடுகின்றன, அதனால்தான் வழிப்போக்கரான உங்களையும் கூப்பிடுகிறார்கள். அதைப் பரிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தேவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடி தவறினால் சிரிக்கிறார்கள் என்றீர்களே, கற்றுக்கொள்ள வரும் ஆளுக்கு அதைவிட நல்ல இடம் எது? ஆனால் பயிற்சி இரவில் அதே ஆட்கள் கைக்குட்டை ஒரு விநாடி முந்தி எழுந்தாலும் நிறுத்தித் திருத்துவார்கள்.

செப்டம்பர் கடைசியில் போய்ப் பாருங்கள். மணி, தொப்பி எதையும் வாங்கவேண்டாம், முதலில் இரவல் தருவார்கள். நல்ல ஷூ மட்டும் போதும். குடிப்பதில்லை என்பது ஒரு பிரச்சினையே இல்லை, லெமனேட் கோப்பையோடு நிற்பவர்கள் எல்லா அணியிலும் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: குடிக்காதவர், அதிலும் கார் வைத்திருப்பவர் என்று தெரிந்தால் அடுத்த கோடை முழுக்க இரவு பதினொரு மணிக்கு நான்கு பேரை வீடு வீடாக இறக்கிவிடும் வேலை உங்களுடையதுதான்.