மண்சரிவுக் காட்சியில் அமைதியாகிவிட்ட தங்கச்சி

டைஸ் உருட்டி, எல்லாரும் சேர்ந்து கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டை நீங்கள் நடத்துகையில், மண்சரிவுக் காட்சி வந்ததும் ஆடிக்கொண்டிருந்த தங்கச்சி ஒருவர் அமைதியாகிவிட்டா, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காட்சியை அடுத்த ஞாயிறு தொடராதீர்கள். "ஊர் சனம் தப்பிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்து, கதையை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். அவவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பி அதைச் சொல்லிவிடுங்கள். காரணம் மட்டும் கேட்கவேண்டாம்.

டைஸை உருட்டாமல் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தா என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டுப் பிடிக்காதவர் அப்படி இருப்பதில்லை. நம் மலையகத்தில் மண்சரிவு வெறும் கற்பனை இல்லையே. 2014 அக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களே மண்ணுக்குள் போயின. அடைமழை இரவில் இன்றும் கண்மூடாத வீடுகள் உண்டு.

இனி தொடங்குமுன் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள், பெயர் வேண்டாம். கதையில் வரவே கூடாதவை ஒரு பக்கம். நடக்கலாம், ஆனால் விவரிக்கக் கூடாதவை மறுபக்கம். மேசை நடுவில் எக்ஸ் போட்ட அட்டை ஒன்று. யார் தொட்டாலும் காட்சி மாறும், விளக்கம் தேவையில்லை. முதல் நாளே ஏதாவது சின்ன விஷயத்துக்கு நீங்களே அதைத் தொட்டுக் காட்டுங்கள்.

ஆனால் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். மூத்தவர்கள் முன்னால் கை நீட்டக் கூச்சப்படுகிற பிள்ளைகள் நம்மிடம் அதிகம். இடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தி முகங்களைப் பாருங்கள். அவ அமைதியானதற்குக் காரணம் கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம், நேரத்தோடு முடித்துப் பாருங்கள்.