பூனைக்கு இன்சுலின் மாத்தப் போறம், பழைய சிரிஞ்சையே பாவிக்கலாமா?

கேள்வி: அக்கா, எங்கட கடுவன் பூனைக்கு 9 வயசு, 4 கிலோ இரிக்கான். சீனி வருத்தம் வந்து 5 மாசமா கேனின்சுலின் எண்ட இன்சுலின் 2 யூனிட் ரெண்டு நேரமும் போட்டு வாறம். விடிய ஊசிக்கு முதல் சீனி பாத்தா 420, மத்தியானம் 130, பின்னேரம் திரும்ப 400. கொழும்பில இருந்து மருந்து எடுப்பிக்கிறதும் கஷ்டமாப் போச்சு. டொக்டர் இப்ப க்ளார்ஜின் எண்ட வேற இன்சுலின் எழுதி 1 யூனிட்டில தொடங்கச் சொல்லிட்டார். 2 போட்டே 400 காட்டுற பூனைக்கு 1 எப்படிக் காணும்? பழைய சிரிஞ்ச் ஒரு பெட்டி உடைக்காமக் கிடக்கு, வீணாக்காம அதையே பாவிக்கலாமா?
- வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, கடைசியாக் கேட்டதுக்குத்தான் முதல்ல சொல்றன், ஏனெண்டா உயிர் போற விசயம் அதுலதான் இரிக்கு. அந்த சிரிஞ்ச பாவிக்கவே வேணாம் கா. கேனின்சுலின் 1 மில்லியில 40 யூனிட், உங்கட பழைய சிரிஞ்சில கோடு போட்டிரிக்கிறதும் அந்தக் கணக்குக்குத்தான். டொக்டர் எழுதின க்ளார்ஜின் 1 மில்லியில 100 யூனிட். அத பழைய சிரிஞ்சில 1 எண்ட கோடு மட்டும் இழுத்தீங்கெண்டா உள்ளுக்குப் போறது ரெண்டரை யூனிட், 2 எண்டு இழுத்தா 5 யூனிட். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ரெண்டும் ஒரு சொட்டுத்தான்.

என்ட பூனை வெள்ளச்சிக்கு இதுதான் நடந்திச்சு. மருந்து மாத்தின நேரம் பார்மசியில கேட்டன், ரெண்டு சிரிஞ்சும் ஒண்டுதான் எண்டு தந்தாங்க, நானும் நம்பி பின்னேரம் 6 மணிக்குப் போட்டுட்டன். ராவு 10 மணி போல தேடினா அரிசி மூட்டைக்குப் பின்னால கிடக்கு, தலை ஒரு பக்கமா ஆடுது, கண்மணி பெருசா விரிஞ்சிரிக்கு, கூப்பிட்டாத் திரும்பல்ல. காதில குத்திப் பாத்தா சீனி 38, அளவுக்கு மீறி இறங்கிட்டு. விரல்ல தேன் எடுத்து முரசில தடவித் தடவி, முழுங்கத் தொடங்கினாப் பிறகு சாப்பாடு வச்சு, டொக்டருக்கு கோல் எடுத்து, விடியும் வரைக்கும் பாத்துப் பாத்து இருந்தன். அந்த ராவு இன்னொரு வீட்டில வரக்கூடாது எண்டுதான் இவ்வளவு சொல்றன். உங்கட வீட்டிலயும் தேனோ சீனிப்பாணியோ கைக்கெட்டுற இடத்தில இரிக்கட்டும். வலிப்பு வந்தா வாய்க்குள்ள ஊத்தாதங்க, புரைக்கேறும், முரசில தடவிட்டு உடனே டொக்டர்ட கொண்டு ஓடுங்க.

இப்ப 1 யூனிட் எப்படிக் காணும் எண்டதுக்கு வாறன். உங்கட கணக்கையே பாருங்க, மத்தியானம் 130க்கு இறங்குது, அப்ப மருந்துக்கு பலம் காணாம இல்ல, நேரந்தான் காணல்ல. கேனின்சுலின் நிறையப் பூனைக்கு 12 மணித்தியாலம் இழுக்கிறதில்ல, வேகமா இறக்கிட்டு நிண்டிரும். க்ளார்ஜின் அப்படியில்ல, அது புளிப்புத் தன்மையான மருந்து, தோலுக்குக் கீழ போனதும் பொடிப் பொடியாப் படிஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு சேரும். அதால பழைய நம்பர அப்படியே தூக்கி வைக்கிறதில்ல, குறைச்சுத்தான் தொடங்குவாங்க, டொக்டர் சொன்னது சரி. முழுசாப் பிடிபட சில நாள் எடுக்கும், ரெண்டாம் நாள் 380 கண்டுட்டு அரை யூனிட் கூட்டிராதங்க. ஒரு கிழமை போகட்டும், பிறகு ஒரு நாள் வீட்டில இருந்து 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா 12 மணித்தியாலமும் பாத்து எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்க, கூட்டுறதோ குறைக்கிறதோ அவர் சொல்லுவார். மனிசருக்குரிய மீட்டர் பூனைக்கு கொஞ்சம் குறைச்சுக் காட்டும், அது என்ன மீட்டர் எண்டும் அவர்ட சொல்லுங்க.

வாங்கக்குள்ள பெட்டிய வாசிச்சு வாங்குங்க, க்ளார்ஜின்ல 1 மில்லிக்கு 300 யூனிட் எண்டு போட்டதும் இரிக்கு, அது வேற. சிரிஞ்ச்ல யூ-100, அதாவது 1 மில்லிக்கு 100 யூனிட் கணக்கு, எண்டு அச்சடிச்சிரிக்கணும், 0.3 மில்லி சைஸ்ல அரை யூனிட் கோடு போட்டது கிடைச்சா இன்னும் நல்லம். கேனின்சுலினக் குலுக்கிப் பழகின கை இதையும் குலுக்கப் பாக்கும், குலுக்காதங்க. இது பச்சத்தண்ணி மாதிரித் தெளிவா இரிக்கணும், கலங்கினா வீசிருங்க. ஃப்ரிட்ஜ் கதவில வைங்க, ஐஸ் பெட்டிக்குள்ள வேணாம். விடிய கேனின்சுலின் போட்டிரிந்தா பின்னேர ஊசி நேரத்தில புதுச மட்டும் போடுங்க, ரெண்டையும் சேத்துப் போடுறதோ கலக்கிறதோ கூடவே கூடாது.

சாப்பாட்ட இந்தக் கிழமையே மாத்தாதங்க. சோறு குறைச்சா சீனியும் தானா இறங்கும், மருந்தும் மாத்தி சோத்தையும் வெட்டினா எது இறக்கிச்செண்டு தெரியாம திடீரெண்டு விழுந்திரும். மருந்து ஒரு நிலைக்கு வந்தாப் பிறகு டொக்டர்ட கேட்டு மெல்லக் குறைக்கலாம். ஒரு நேரம் சாப்பிடாம முகத்தத் திருப்பினான் எண்டா ஊசிக்கு முதல் டொக்டருக்கு கோல் எடுங்க. ஒழுங்கா சீனி கட்டுக்குள்ள வந்த சில பூனைக்கு மாசக்கணக்கில ஊசியே தேவையில்லாமப் போகும், அப்படி வந்தா நம்பர் இறங்கி இறங்கித்தான் காட்டும், அதால நல்லா இரிக்கானே எண்டு பாக்கிறத விட்டுறாதங்க.

அந்தப் பழைய பெட்டிய அலுமாரியில வைக்காம இண்டைக்கே டொக்டர்ட குடுத்திருங்க. கரண்ட் இல்லாத ஒரு ராவு நீங்க வீட்டில இல்லாட்டி, உங்கட அம்மா கைக்கு அதுதான் வரும்.