மெட்டல் டிடெக்டர் கத்தும் இடத்தையெல்லாம் தோண்டத்தான் வேண்டுமா?

ஒவ்வொரு சிக்னலுக்கும் தோண்டி முதுகு போய்விட்டது, எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் முதலில், கீழே என்ன உலோகம் என்று ஊகிக்க டிடெக்டர் திரையில் வரும் எண்ணை நம்பித்தான் ஓடினேன். இப்போது எண்ணுக்கு இரண்டாவது இடம்தான். சத்தம் நிலையாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சத்தம் வந்த இடத்தின் மேல் காயிலை (டிடெக்டரின் அடியில் இருக்கும் தட்டை) நாலைந்து முறை வீசுங்கள். அப்புறம் 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே தொனியில் வந்தால் யோசிக்காமல் தோண்டுவேன். ஒரு பக்கம் மணி மாதிரி ஒலித்து, திரும்பியதும் கரகரவென்று உடைந்தால் பெரும்பாலும் ஆணிதான். ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் காசு கிடந்தாலும் இப்படித்தான் உடையும். அதனால் பழைய குடியிருப்பு இருந்த இடமென்றால் அதையும் விடமாட்டேன்.

எண்ணை ஏன் முழுசாக நம்பக் கூடாது? டிடெக்டருக்கு உலோகத்தின் பெயர் தெரியாது. காயிலின் காந்தப்புலம் பொருளுக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அது திருப்பி அனுப்பும் சிக்னல் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதிலிருந்துதான் எண் பிறக்கிறது. உலோகம் மட்டுமல்ல, பொருளின் அளவும் தடிமனும் வடிவமும் அந்த எண்ணை மாற்றும். அதனால் மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். குப்பை வேண்டாமென்று அந்த எண்களை டிஸ்கிரிமினேஷனில் (குறிப்பிட்ட எண்களுக்கு டிடெக்டர் கத்தாமல் இருக்கச் செய்யும் வசதியில்) அடைத்தால் மோதிரமும் சேர்ந்து போகும். தங்கம் வேண்டுமென்றால் வளையங்களைப் பொறுக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

பெரிய இரும்பு இன்னும் மோசம். சில சமயம் வெள்ளிக்குரிய எண்ணையே காட்டிவிடும். அப்படி நம்பி முழங்கை ஆழம் தோண்டி நான் எடுத்தது ஒரு கடப்பாரைத் துண்டு! இப்போதெல்லாம் காயிலை ஒரு சாண் உயர்த்திப் பார்த்துக்கொள்கிறேன். காசு என்றால் சத்தம் சட்டென்று தேய்ந்துவிடும். அதன் பிறகும் அகலமாகக் கத்தினால் கீழே இருப்பது பெரிய பொருள்.

குழியை மூடும் முன் இன்னொரு முறை வீசிப் பாருங்கள். ஆணியை எடுத்த குழியிலேயே, அது மறைத்து வைத்திருந்த காசு எனக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது.