ஏரிக்கரைச் சாலையில் சைக்கிள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றையேதான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன: ஏரியும் காடுமாக இருக்கிற சமதளத்தில் வண்டி வராத சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மேப்பில் எல்லாச் சாலையும் ஒரே மாதிரி கோடாகத்தான் தெரிகிறது. போய்ப் பார்க்காமல் அமைதியான சாலை எது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். மேப்பில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வழியாகப் போயே ஆகவேண்டிய தேவை வேறு யாருக்கு இருக்கிறது? யாருக்கும் இல்லை என்றால் அதுதான் உங்கள் சாலை.

ஏரிகள் நிறைந்த நிலத்தில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு ஊர்களுக்கு நடுவே நீளவாக்கில் ஓர் ஏரி கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கரை வழியாகப் போனால் 12 கிலோமீட்டர், மறு கரை வழியாக 17. காரும் லாரியும் 12 கிலோமீட்டர் வழியில் போய்விடும். 17 உங்களுக்கு. அந்த 5 கிலோமீட்டர் சுற்றுதான் வண்டிகளை வடிகட்டித் தருகிறது.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. இரண்டு ஏரிகளுக்கு நடுவே கழுத்து மாதிரி குறுகலாக ஒரு நிலம், அதன் மேல் ஒற்றைச் சாலை. மேப்பில் பார்த்தால் இரு பக்கமும் நீலம், மனசை இழுக்கும். நானும் ஒருமுறை அந்தக் கழுத்துக்காகவே ஒரு நாள் பயணத்தை வரைந்தேன். போன பிறகுதான் புரிந்தது, சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லா வண்டிகளுக்கும் அது ஒன்றே வழி. சாலையோரம் என்று ஒரு முழம்கூட இல்லை. லாரி கடக்கும்போதெல்லாம் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தபடி 4 கிலோமீட்டர் போனேன். ஏரியை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. இப்போதெல்லாம் அப்படி ஒரு கழுத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால், விடிந்ததும் அதைத் தாண்டிவிடும்படி கிளம்பும் நேரத்தை வைத்துக்கொள்கிறேன்.

காட்டுப் பக்கத்தில் நான் தேடுவது வேறு ஒன்று. காட்டுக்குள் ஒரு சிற்றூர், தார்ச்சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வெறும் காட்டுப்பாதை, பிறகு அடுத்த ஊரின் தார்ச்சாலை தொடங்குகிறது. கார்க்காரருக்கு அது முட்டுச்சந்து. சைக்கிளுக்கு அது வழி. இப்படிப்பட்ட இணைப்பு ஒன்று கிடைத்தால், அதன் இரு பக்கமும் உள்ள தார்ச்சாலை முழுவதும் உங்களுக்கே கிடைத்த மாதிரி.

வரைந்த பிறகு சில விஷயங்களைச் சரிபாருங்கள். வழியில் மரம் அறுக்கும் ஆலையோ மணல் குவாரியோ இருந்தால் வார நாள்களில் லாரி ஓடும். பெரிய நீச்சல் கரை இருந்தால் கோடை விடுமுறையில் மதியத்துக்கு மேல் கார்கள் வரிசை கட்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய மேப்பில் பல சாலைகளுக்கு அது தாரா, சரளையா, மணலா என்ற குறிப்பு இருக்கும், அதைப் பாருங்கள். சைக்கிள் ஓட்டுபவர்கள் தங்கள் பயணங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தில் மற்றவர்கள் அதிகம் ஓட்டிய சாலைகள் பளிச்சென்று தெரியும். பக்கத்திலேயே பெரிய சாலை இருந்தும் சிறிய கோடு பளிச்சென்று எரிந்தால் அங்கே ஏதோ நல்லது இருக்கிறது என்று அர்த்தம்.

ஐரோப்பாவுக்குப் போக வாய்ப்பு வந்திருக்கிறது. ஏரி, காடு, சமதளம் மூன்றும் சேர்ந்த பகுதி எது?

முதலில் ஒரு விஷயம். இந்த மூன்றும் சேர்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் மண்தான் காரணம். வட ஐரோப்பாவில் பனியுகத்தின் பெரிய பனிப்படலங்கள் உருகியபோது, அந்த நீர் அடித்துக்கொண்டு வந்த மணல் அகலமாகப் பரவிப் படிந்தது. அதன் நடுவே புதைந்து கிடந்த பனிக்கட்டிகள் உருகிய இடங்களில் பள்ளங்கள் உண்டாகி ஏரிகளாயின. மணல் மண்ணில் விளைச்சல் சரியில்லை, அதனால் நிலம் காட்டுக்கு விடப்பட்டது. காடு இருந்த இடத்தில் ஊர்கள் குறைவு, ஊர் குறைந்த இடத்தில் வண்டியும் குறைவு. நீங்கள் அனுபவிக்கிற அமைதிக்கு அந்தப் பழைய மணல்தான் அடித்தளம்.

ஜெர்மனியின் மெக்லன்பர்க் ஏரிப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள் இருக்கின்றன. முழுக்க ஜெர்மனிக்குள்ளேயே அடங்கிய ஏரிகளில் பெரியதான மியூரிட்ஸ் அங்கேதான், பரப்பளவு சுமார் 117 சதுர கிலோமீட்டர். அதன் கிழக்குக் கரையில் 1990-இல் அமைந்த தேசியப் பூங்கா இருக்கிறது. பெர்லினிலிருந்து கோபன்ஹேகன் போகும் நெடுந்தூர சைக்கிள் பாதையும் இந்தப் பகுதி வழியாகத்தான் செல்கிறது. மணல் வெளியைத் தாண்டினால் பனிப்படலம் விட்டுப்போன சிறு மேடுகள் வரும், அதனால் தட்டைத் தரை என்று நம்பிப் போகாதீர்கள். சில கிராமங்களுக்குள் இன்னமும் பழைய கல் பாவிய தெருக்கள், நடுநடுவே மணல் பாதை. ஒல்லி டயரோடு போனால் உடம்பு குலுங்கிவிடும்.

பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள லாண்ட் பகுதி உண்மையிலேயே மேசை மாதிரி தட்டை. அதன் கதை வேறு. அது ஒரு காலத்தில் ஈரமான மேய்ச்சல் வெளி. 1857-இல் வந்த ஒரு சட்டம் நிலத்தை வடித்து மரம் நடச் சொன்னது. இன்று அது சுமார் 10 லட்சம் ஹெக்டேர் பைன் காடு. கடலோரம் மணல்மேடுகள் ஓடைகளை மறித்ததால் ஊர்த்தான், லகனோ போன்ற ஏரிகள் உருவாயின. அந்த ஏரிகளை ஒட்டியும் அட்லாண்டிக் கரையோரமும் வேலோடிசே என்ற நெடும்பாதை போகிறது. ஏரிப் பக்கம் அருமை. உள்நாட்டுக் காட்டுக்குள் சாலை பல கிலோமீட்டர் நேர்கோடாகப் போகும், எனக்கு அது சலித்துவிடுகிறது.

முதல் முறை என்றால் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்துக்குப் போங்கள் என்பேன். அங்கே 1995-இல் ஓர் ஏற்பாடு வந்தது. சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். நீங்கள் போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், மேப் தேவையில்லை. இந்த முறை பிறகு நெதர்லாந்துக்கும் பரவியது. போக்ரைக் அருகே குளத்தின் நடுவே 2016-இல் ஒரு பாதை திறந்தார்கள். 200 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். பாதை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறங்கி ஓடும், சைக்கிளில் போகும்போது தண்ணீர் உங்கள் கண் மட்டத்தில் நிற்கும். அதற்காகவே கொஞ்சம் சுற்றிப் போகலாம்.

ஏரியைச் சுற்றும்போது வலமா, இடமா? இதில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. நீங்கள் ஓட்டும் பக்கம் ஏரி இருக்க வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் ஏரியை வலம் வாருங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் அதற்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். காட்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏரிப் பக்கத்தில் கிளைச்சாலைகள் குறைவு. உங்கள் ஓரத்தில் திடீரென்று வந்து சேரும் காரும், உங்களைக் குறுக்கே வெட்டித் திரும்பும் காரும் குறையும். நின்று பார்க்க நினைத்தால் சாலையைக் கடக்க வேண்டியதும் இல்லை.

சமதளம் என்று நம்பித்தான் போனேன். 60 கிலோமீட்டரில் மலை ஏறியதுபோல் களைத்துவிட்டேன். என்ன தவறு செய்தேன்?

தவறு ஒன்றும் இல்லை, காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். சமதளத்தில் கொஞ்சம் வேகம் பிடித்த பிறகு உங்கள் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. காற்று இல்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தை 25 ஆக்க, காற்றுத் தடைக்கு எதிராக ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். எதிர்க்காற்று 10 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது அதே 20-இல் போனால் காற்றின் தடை 2.25 மடங்காகும். மலையில் ஏற்றம் முடிந்ததும் இறக்கம் வரும். எதிர்க்காற்றில் அந்த ஓய்வு வராது.

‘போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, சரியாகிவிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. 20 கிலோமீட்டரை 15 வேகத்தில் போய் 25 வேகத்தில் திரும்பினால் மொத்தம் 128 நிமிடம். இரண்டு முறையும் 20-இல் போயிருந்தால் 120. எதிர்க்காற்றில் செலவிடும் நேரமே அதிகம், உழைப்பும் அங்கேதான் போகிறது. ஆனாலும் தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்றை முடித்துவிடுவது நல்லது. கிளம்பும் திசை காற்றை நோக்கி இருக்கட்டும்.

ஏரி உள்ள இடத்தில் இன்னும் ஒரு படி மேலே யோசிக்கலாம். காற்று மேற்கிலிருந்து வீசுகிறது என்றால் ஏரியின் மேற்குக் கரை காட்டின் மறைவில் இருக்கும். மரத்தின் உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம்வரை அதன் மறைவு உதவும். கிழக்குக் கரையிலோ திறந்த தண்ணீரின் மேல் தடையே இல்லாமல் வந்த காற்று நேராக மோதும். அதனால் காற்றடிக்கும் நாளில் கிழக்குக் கரையில் தண்ணீரை ஒட்டிய சாலையை விட்டுவிட்டு, ஒரு வரிசை மரம் தள்ளி உள்ளே போகிற சாலையை எடுங்கள். வெயில் நாளில் ஏரியே ஒரு காற்றை உண்டாக்கும். தரை சீக்கிரம் சூடாகிறது, தண்ணீர் மெதுவாக. முற்பகலில் தொடங்கி ஏரியிலிருந்து கரைக்கு வீசும் அந்தக் காற்று மதியத்துக்கு மேல் உச்சத்துக்குப் போய், மாலையில் அடங்கும்.

காட்டிலிருந்து திறந்த கரைக்கு வெளியே வரும் இடத்தில் கவனம் வேண்டும். பக்கக்காற்று அங்கே ஒரே தள்ளாகத் தள்ளும். சாலை விளிம்பை ஒட்டி ஓட்டாமல் உள்ளே ஓர் அடி தள்ளி வாருங்கள்.

மேடே இல்லாத சாலையில் உட்காருமிடமும் கையும் ஏன் இப்படி வலிக்கின்றன?

மேடு இல்லாததால்தான். மேட்டில் எழுந்து நின்று மிதிப்பீர்கள், இறக்கத்தில் மிதிக்காமல் உடம்பைத் தளர்த்துவீர்கள். சமதளத்தில் இரண்டும் கிடையாது, மணிக்கணக்கில் ஒரே இருப்பு. 10 நிமிடத்துக்கு ஒருமுறை கியரைக் கொஞ்சம் கனமாக்கி, இருபது முப்பது மிதி எழுந்து நின்று மிதியுங்கள். கை வைக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். அதன் பிறகும் வலித்தால் சீட்டின் உயரத்தையும் சாய்வையும் பார்க்க வேண்டும்.

எந்த டயர் போடலாம்? காட்டுப்பாதைக்குத் தனி சைக்கிள் வேண்டுமா?

வேண்டாம். பெரும்பகுதி தார், நடுவே கொஞ்சம் மண் என்றால் 32 மி.மீ. அகல டயர் போதும். சைக்கிளின் ஃபிரேம் இடம் கொடுத்தால் 35-உம் போடலாம், வேகம் ஒன்றும் குறைந்துவிடாது. காற்றை டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மேல் அளவு வரை அடிக்காதீர்கள். ஏரிக் காடுகளில் மரவேர்கள் தாரைக் கீழிருந்து தூக்கி, குறுக்கே வரிவரியாக மேடாக்கியிருக்கும். கல் மாதிரி இறுகிய டயரில் ஒவ்வொரு வேரும் முதுகுத்தண்டில் ஏறும்.

தளர்ந்த மணல் வந்தால் அதற்கு முன்னாலேயே இலேசான கியருக்கு மாறுங்கள். முன் பிரேக்கைத் தொடாமல், திரும்பாமல், உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மிதித்துக்கொண்டே இருங்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், அதில் ஒன்றும் இல்லை.

காட்டு நிழலில் சாலையே சரியாகத் தெரிவதில்லை.

வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாக விழும்போது குழி, வேர், ஈர இலை எல்லாம் அதில் ஒளிந்துவிடும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் நுழையும்போது கண் பழகச் சில நொடிகள் பிடிக்கும், அந்த நொடிகளில் வேகத்தைக் குறையுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் காட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஓட்டுநருக்கும் இதே சிக்கல்தான். அதனால் பட்டப்பகலிலும் பின் விளக்கு எரியட்டும். நான் முழு நாளும் எரியவிடுகிறேன்.

பாட்டில் காலியானால் ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

தண்ணீர் பச்சைப் பெயின்ட் கலந்த மாதிரி இருந்தால் கூடாது. அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அதன் நச்சு போகாது. இரண்டு பாட்டில் கொண்டுபோங்கள்.

உண்ணிக்குப் பயந்து காட்டுப்பக்கமே போவதில்லை.

பயந்து விட வேண்டியதில்லை. சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போது அது பெரும்பாலும் ஏறாது. புல்லில் உட்காரும்போதும் புதருக்குள் நுழையும்போதும்தான் அதிகம் ஏறும். அன்று இரவே முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடிக்குள் எல்லாம் தேடிப் பாருங்கள். லைம் நோய்க் கிருமி உண்ணியிலிருந்து உடலுக்குள் போகப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால் அன்றன்றே தேடுவது பெரிய பாதுகாப்பு. நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். எண்ணெய் தடவுவது, தீயால் சுடுவது இரண்டும் வேண்டாம். பிறகு சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

எந்த நேரத்தில் கிளம்புவது நல்லது?

எனக்கு விடியற்காலைதான். காற்று அடங்கியிருக்கும், கார்கள் வந்திருக்காது. இரண்டு விஷயங்களுக்குத் தயாராக இருங்கள். குளிர்ந்த காலையில் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருந்தால் ஏரியிலிருந்து பனிமூட்டம் எழும்பிச் சாலையை மூடும், இலையுதிர் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். முன்னும் பின்னும் விளக்கு போடுங்கள். மூட்டம் கெட்டியாக இருந்தால் கரையிலேயே நின்றுவிடுங்கள், வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். இன்னொன்று, மான்கள் நடமாடும் நேரமும் அதுவே. ஒரு மான் சாலையைத் தாண்டியதும் மிதிக்கத் தொடங்காதீர்கள். அதன் பின்னால் இன்னொன்று வரும்.