நம் ஊரில் இல்லாத நோய்க்கு எதற்குத் தடுப்பூசி?

கேள்வி: என் மகனுக்கு அங்கோலாவில் வேலை கிடைத்திருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால், திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே தடுத்துவைப்பார்களாமே? நம் நாட்டில் இல்லாத நோய்க்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி?

பதில்: இல்லை என்பதால்தான் ஐயா, இவ்வளவு கெடுபிடி. மஞ்சள் காய்ச்சல் வைரஸைப் பரப்புவது டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்தி கொசு. அது நம் தண்ணீர்த் தொட்டியிலும் பூச்சாடித் தட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. வைரஸ் மட்டும்தான் இன்னும் வரவில்லை. தொற்றியவருக்குக் காய்ச்சல் தெரிய 3 முதல் 6 நாட்கள் ஆகும். விமானப் பயணத்துக்கு ஒரு நாள் போதும். சான்றிதழ் இல்லாதவர்களை 6 நாட்கள் வரை தனிமைப்படுத்துவது அதனால்தான்.

இது வீண் பயமல்ல. 2016இல் அதே அங்கோலாவில் பெரிய அளவில் நோய் பரவியபோது, அங்கே வேலை பார்த்த சீனர்கள் 11 பேர் நோயோடு ஊர் திரும்பினார்கள். ஆசியாவுக்குள் இந்த நோய் வந்தது அப்போதுதான். நல்லவேளை, அங்கே அது பரவவில்லை. அந்த ஆண்டு உலகக் கையிருப்பிலிருந்த தடுப்பூசியே போதாமல் போனது. காங்கோவின் கின்ஷாசாவில் ஒரு டோஸை ஐந்தாகப் பிரித்துப் போட்டுத்தான் சமாளித்தார்கள். உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், கவி (Gavi) என்ற சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டமைப்பு ஆகியவை சேர்ந்து ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோருக்குத் தடுப்பூசி போட்டுவருவது நமக்கும் சேர்த்துத்தான் என்றே நான் நினைக்கிறேன். உங்கள் மகன் போட்டுக்கொள்ளும் ஊசியும் அந்த வேலையில் ஒரு பங்கு.

ஒரே ஊசி, ஆயுள் முழுவதும் செல்லும். 2016 ஜூலைக்கு முன்பு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. ஆனால் போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், கடைசி நேரம்வரை தள்ளிப்போடாதீர்கள். அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒன்று. குடும்ப மருத்துவர் எழுதித் தரும் சீட்டு செல்லாது. சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, தேதி, தடுப்பூசித் தொகுதி எண், கையொப்பம், முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் ஆன தடுப்பூசி. முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மகனைப் பார்க்க நீங்களும் போவதாக இருந்து, வயது 60ஐத் தாண்டியிருந்தால், ஆலோசிக்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கோலாவில் மலேரியாவும் அதிகம். அதற்கான மாத்திரையைப் புறப்படும் முன்பே அவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.